2008 பிரைமரியில் அதிக வாக்கு வாங்கியது ஒபாமாவா, ஹிலாரியா?

2008-ல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டியில் ஒபாமா 41,622 வாக்கு கூடுதலாக வாங்கினார் என்று ஓரிடத்திலும், ஹிலாரி கிளிண்டன் 2,86,687 வாக்கு கூடுதலாக வாங்கினார் என்று இன்னோரிடத்திலும் படித்திருக்கிறீர்கள். இரண்டில் ஒன்று பொய்யாகத்தானே இருக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். அதிக வாக்கு வாங்கியவரைக் கட்சி ஓரம்கட்டிவிட்டதோ என்ற சந்தேகமும் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. இரண்டு எண்களுமே பொய் இல்லை. அமெரிக்க அரசியல் தளமான ரியல்கிளியர்பாலிடிக்ஸ் அந்த ஆண்டு போட்ட ஒரே அட்டவணையின் இரண்டு வரிகள் அவை. எந்த மாநிலத்தைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில்தான் வித்தியாசம். ஆகவே உண்மையில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி, இந்தப் போட்டியில் மொத்த வாக்கு என்று ஒரே ஓர் எண் இருக்க முடியுமா என்பதுதான். முடியாது என்பது என் பதில். ஏன் என்பதை எண்களோடு பார்க்கலாம்.

இந்தியத் தேர்தல் ஆணையம் போல நாடு முழுவதற்கும் எண்ணி, கூட்டி, அறிவிக்கிற ஒரே அமைப்பு அங்கே இல்லை. பிரைமரி என்பது பெரும்பாலும் மாநில அரசு தன் செலவில் நடத்தும் தேர்தல்: ரகசிய வாக்குச்சீட்டு, தபால் வாக்கு, பிறகு மாநிலத்தின் அதிகாரப்பூர்வச் சான்றிதழ். காகஸ் என்பது கட்சியே நடத்தும் கூட்டம். குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில் பள்ளிக்கூடத்திலோ தேவாலயத்திலோ கூடி, ஓரிரு மணி நேரம் இருந்து ஆதரவைக் காட்ட வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்து தேர்ந்தெடுப்பது டெலிகேட்டுகளை, அதாவது மாநாட்டுப் பிரதிநிதிகளை. வேட்பாளரைத் தீர்மானிப்பது அவர்களின் எண்ணிக்கைதான். மொத்த வாக்கு என்பது கட்சியின் விதிப்புத்தகத்தில் எந்த வேலையும் இல்லாத ஓர் எண். ஊடகங்களும் பிரசாரக் குழுக்களும் தங்கள் தேவைக்குக் கூட்டிக்கொண்டது அது. 2008 மே மாதத்தில் டெலிகேட் கணக்கில் பின்தங்கியிருந்த ஹிலாரி தரப்புக்கு அது பெரிய ஆயுதமானது. எண்ணூறு பேர் அளவில் இருந்த சூப்பர் டெலிகேட்டுகள், அதாவது பிரைமரி முடிவுக்குக் கட்டுப்படாத கட்சிப் பிரமுகர்கள், இன்னும் பக்கம் மாறலாம் என்ற நிலையில் அவர்களை நோக்கி வைக்கப்பட்ட வாதம் அது.

ஐயத்துக்கு இடமில்லாததிலிருந்து தொடங்குகிறேன். ஃபுளோரிடாவையும் மிச்சிகனையும் முழுக்க விட்டுவிட்டு, வாக்கு எண்ணிக்கையை வெளியிட்ட மற்ற எல்லா இடங்களையும் கூட்டினால் ஒபாமா 3,36,394 வாக்கு முன்னிலை. ஃபுளோரிடாவைச் சேர்த்தால் அங்கே ஹிலாரிக்குக் கிடைத்த 2,94,772 வாக்கு வித்தியாசம் கழிந்து, ஒபாமாவின் முன்னிலை 41,622 ஆகச் சுருங்கும். ஒபாமா 1,75,35,458, ஹிலாரி 1,74,93,836. சதவீதத்தில் 48.1-க்கு 48.0. நீங்கள் படித்த முதல் எண் இதுதான். இதோடு மிச்சிகனில் ஹிலாரி வாங்கிய 3,28,309 வாக்கைச் சேர்த்து, ஒபாமாவுக்கு அங்கே பூஜ்யம் போட்டால் இரண்டாவது எண் வந்துவிடும்: ஹிலாரி 2,86,687 முன்னிலை. ஒரு மாநிலத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற ஒரே முடிவில் கணக்கு தலைகீழாகிறது.

அந்த இரண்டு மாநிலங்களில் என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் இதை எடைபோட முடியும். அயோவா, நியூ ஹாம்ப்ஷயர், நெவாடா, தென் கரோலினா என்ற நான்கைத் தவிர வேறு எந்த மாநிலமும் 2008 பிப்ரவரி 5-க்கு முன்னால் பிரைமரி நடத்தக் கூடாது என்று கட்சியின் தேசியக் குழு விதி வைத்திருந்தது. மிச்சிகன் ஜனவரி 15-லும் ஃபுளோரிடா ஜனவரி 29-லும் நடத்தின. ஃபுளோரிடாவில் தேதியை முன்னுக்குத் தள்ளியது குடியரசுக் கட்சியின் கையில் இருந்த சட்டமன்றம். மிச்சிகனில் கையெழுத்துப் போட்டவர் ஜனநாயகக் கட்சி ஆளுநர். இரண்டுக்கும் தண்டனை ஒன்றே: டெலிகேட்டுகள் அத்தனை பேரும் பறிபோனார்கள். முன்னணி வேட்பாளர்கள் எல்லோரும், ஹிலாரி உட்பட, அங்கே பிரசாரம் செய்வதில்லை என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஃபுளோரிடாவில் எல்லோர் பெயரும் சீட்டில் இருந்தது. அதே நாளில் சொத்து வரி பற்றிய மாநில அரசியல் சட்டத் திருத்தமும் வாக்கெடுப்புக்கு வந்ததால் கூட்டமும் குறையவில்லை. ஜனநாயகக் கட்சி பிரைமரியில் மட்டும் சுமார் 17.5 லட்சம் பேர் வாக்களித்தார்கள். ஹிலாரி 8,70,986, ஒபாமா 5,76,214, மூன்றாவது போட்டியாளர் ஜான் எட்வர்ட்ஸ் 2,51,562. பிரசாரம் இல்லாத தேர்தல், ஏற்கெனவே பெயர் பரவியிருந்த ஹிலாரிக்குச் சாதகம் என்ற குறை நியாயமானதே. ஆனாலும் எல்லாப் பெயரும் அச்சான சீட்டில் மக்கள் போட்ட வாக்கை எண்ணவே கூடாது என்று சொல்வது என் கணிப்பில் கடினம்.

மிச்சிகன் வேறு கதை. ஒபாமா, எட்வர்ட்ஸ், பைடன், ரிச்சர்ட்சன் நால்வரும் 2007 அக்டோபரில் தங்கள் பெயரைச் சீட்டிலிருந்து விலக்கிக்கொண்டார்கள். ஹிலாரி விலக்கவில்லை. சீட்டில் அவரோடு மிஞ்சியவர்கள் குசினிச், கிரேவல், அதற்குள் போட்டியை விட்டே போய்விட்ட டாட். மற்றவர்களின் ஆதரவாளர்களுக்கு இருந்த ஒரே வழி 'யாருக்கும் கட்டுப்படாத டெலிகேட்' என்ற கட்டம். அதில் விழுந்தது 2,38,168 வாக்கு, மொத்தத்தில் 40 சதவீதம். ஒபாமா பெயரைக் கையால் எழுதிப் போட்டவர்களும் இருந்தார்கள். ஆனால் அப்படி எழுதப்படும் பெயர்க்காரர் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும் என்பது மிச்சிகன் சட்டம். அவர் செய்யவில்லை. அதனால் அந்தச் சீட்டுகள் யார் கணக்கிலும் ஏறவில்லை.

இதை மூன்று விதமாகக் கையாளலாம், மூன்றிலும் ஓட்டை இருக்கிறது. உள்ளபடியே எடுத்தால் ஒபாமாவுக்குப் பூஜ்யம். கறுப்பின மக்கள் அதிகம் வாழும் டெட்ராய்ட் நகரம் இருக்கும் மாநிலத்தில் அவருக்கு ஓர் ஆதரவாளர்கூட இல்லை என்று பொருளாகும் எண் அது. அந்த 40 சதவீதத்தை அப்படியே ஒபாமாவுக்குக் கொடுத்தால், அதில் இருந்த எட்வர்ட்ஸ் ஆதரவாளர்களை அவரிடம் கடத்திவிடுகிறோம். மூன்றாவது, வாக்களித்து வெளியே வந்தவர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பு. எல்லோர் பெயரும் இருந்திருந்தால் யாருக்குப் போட்டிருப்பீர்கள் என்று கேட்டதற்கு ஹிலாரி 46, ஒபாமா 35, எட்வர்ட்ஸ் 12 சதவீதம் என்று வந்தது. சுமார் 5.94 லட்சம் சீட்டில் 11 புள்ளி வித்தியாசம் என்றால் ஹிலாரிக்கு ஏறக்குறைய 65,000 முன்னிலை. எனக்கு இதுதான் உண்மைக்கு ஓரளவு கிட்டத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது. ஆனால் இது வாக்கு இல்லை, கணிப்பு. டெலிகேட் ஆவதில்லை என்று தெரிந்ததால் வீட்டிலேயே இருந்துவிட்டவர்களை எந்தக் கணிப்பாலும் பிடிக்க முடியாது. 2008 மே 31 அன்று வாஷிங்டனில் ஓர் ஓட்டலில் கூடிய கட்சியின் விதிமுறைக் குழுவும் ஏறத்தாழ இந்த வழியில்தான் போனது. ஹிலாரி தரப்பு மிச்சிகனில் தனக்கு 73, யாருக்கும் கட்டுப்படாதவர்கள் 55 என்று கேட்டது; ஒபாமா தரப்பு 64-64 கேட்டது; குழு 69-59 என்று நடுவில் வெட்டி, ஒவ்வொரு டெலிகேட்டுக்கும் அரை வாக்கு என்று முடிவு செய்தது. ஃபுளோரிடா தீர்மானம் 27-0 என்று எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. மிச்சிகனுக்கு 19-8. எது பெரிய சிக்கல் என்பது அந்த எண்ணிக்கையிலேயே தெரியும். ஆகஸ்டில் டென்வர் மாநாட்டில், முடிவு தெரிந்த பிறகு, இரு மாநிலங்களுக்கும் முழு வாக்கு திரும்பக் கிடைத்தது.

இனி காகஸ். மொத்த வாக்குக் கணக்கில் சத்தமில்லாமல் பிழை நுழையும் இடம் இதுதான். அயோவா, நெவாடா, மெய்ன், வாஷிங்டன் மாநிலம் ஆகிய நான்கும் 2008-ல் தலைக்கணக்கை வேட்பாளர் வாரியாக வெளியிடவில்லை. அயோவாவில் அறிவிக்கப்பட்ட ஒபாமா 37.6, எட்வர்ட்ஸ் 29.7, ஹிலாரி 29.5 என்பவை மாநில மாநாட்டு டெலிகேட்டுகளின் விகிதம். வாக்கு சதவீதம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் இத்தனை டெலிகேட் என்பது முந்தைய தேர்தல்களில் அங்கே கட்சிக்கு விழுந்த வாக்கை வைத்து முன்பே நிர்ணயமாகிவிடும். அன்றைக்கு 50 பேர் வந்தாலும் 500 பேர் வந்தாலும் அது மாறாது. கல்லூரி மாணவர்கள் திரண்டு வந்த இடத்தில் ஒரு தலைக்கு மதிப்புக் குறைவு. வருகை குறைந்த கிராமத்து வட்டாரத்தில் அதிகம். அதோடு, பெரும்பாலான வட்டாரங்களில் 15 சதவீதம் எட்டாத குழு கலைந்து வேறு குழுவில் சேர வேண்டும். சிறிய வட்டாரங்களில் இந்த வரம்பு இன்னும் உயரும். பைடனுக்காக வந்தவர் எட்வர்ட்ஸ் கணக்கில் முடிந்திருக்கலாம். இந்த விகிதத்தை சுமார் 2.4 லட்சம் வருகையால் பெருக்கினால் ஓர் எண் வரும். ஒபாமாவுக்கு 90,000 என்று வரும் அந்த எண் பார்க்கத் துல்லியமாக இருக்கும், துல்லியம் அதில் இல்லை. நெவாடாவில் இந்தக் கோளாறு இன்னும் வெளிச்சமாகத் தெரிந்தது. மாவட்ட டெலிகேட் விகிதத்தில் ஹிலாரி 50.8-க்கு 45.1 என்று வென்றார். ஆனால் தேசிய மாநாட்டு டெலிகேட்டுகளில் ஒபாமாவுக்கு 13, ஹிலாரிக்கு 12. மாநிலத்தின் வடக்கிலும் கிராமப்புறங்களிலும் ஒபாமா பெற்ற ஆதரவு அங்கிருந்த டெலிகேட் ஒதுக்கீட்டோடு பொருந்திப் போனதுதான் காரணம்.

இந்த நான்கு காகஸ்களுக்கும் போடப்பட்ட மதிப்பீடு ஒபாமாவின் முன்னிலையைச் சுமார் 1.1 லட்சம் கூட்டுகிறது. அப்போது கணக்கு இப்படி ஓடும்: ஃபுளோரிடாவோடு 41,622, காகஸ் மதிப்பீட்டையும் சேர்த்தால் 1,51,844, மிச்சிகனை உள்ளபடி சேர்த்தால் ஹிலாரி 1,76,465 முன்னிலை, மிச்சிகனின் 'கட்டுப்படாத' வாக்கை ஒபாமாவுக்குக் கொடுத்தால் மீண்டும் ஒபாமா 61,703 முன்னிலை. வாஷிங்டன் மாநிலத்தை மட்டும் தனியே பிரித்துப் பாருங்கள். பிப்ரவரி 9 அன்று அங்கே காகஸ், டெலிகேட்டுகள் அதன்படிதான். ஒபாமா 68, ஹிலாரி 31. பத்து நாள் கழித்து அதே மாநிலம் டெலிகேட் எதுவும் இல்லாத ஒரு பிரைமரியையும் நடத்தியது. அதில் ஒபாமா 3,54,112, ஹிலாரி 3,15,744, அதாவது 51-க்கு 46. காகஸுக்கு வந்தது சுமார் இரண்டரை லட்சம் பேர் என்று வைத்தால் ஒபாமாவின் முன்னிலை 90,000-க்கு மேல். பிரைமரியை எடுத்தால் 38,368. இரண்டில் எதை எடுப்பது என்ற முடிவிலேயே 50,000 வாக்கு போகிறது. நாம் விவாதித்துக்கொண்டிருக்கும் 41,622-ஐ விட அது பெரியது. எந்தப் பக்கமும் பொய் சொல்லாமலேயே இவ்வளவு தூரம் நகர முடிகிறது.

ஒரே மாநிலம் இரண்டு முறை வாக்கெடுத்தால் இரண்டையும் கூட்டிவிடுவது, சொந்தமாக அட்டவணை போடுகிறவர்கள் அதிகம் செய்யும் தவறு. நெப்ராஸ்காவிலும் இதே இரட்டை: பிப்ரவரியில் காகஸ், மே மாதத்தில் டெலிகேட் இல்லாத பிரைமரி. டெக்சாஸ் இன்னும் சிக்கல். மார்ச் 4 அன்று பகலில் பிரைமரி, அதே இரவில் காகஸ். பகலில் வாக்களித்தவர் மட்டுமே இரவுக் கூட்டத்துக்குப் போகலாம். அதனால் இரண்டையும் கூட்டினால் ஒரே ஆளை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். பிரைமரியில் ஹிலாரி 1,00,258 வாக்கு அதிகம் வாங்கி 65-61 என்று டெலிகேட் பெற்றார். காகஸில் ஒபாமா 38-29 என்று எடுத்தார். முடிவில் டெக்சாஸில் அதிக டெலிகேட் ஒபாமாவுக்கு: 99-94. மக்கள் வாக்கில் டெக்சாஸ் ஹிலாரியுடையது, டெலிகேட்டில் ஒபாமாவுடையது என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் தவறில்லை.

ஜூன் 1 அன்று வாக்களித்த புவேர்ட்டோ ரிக்கோ மேலே சொன்ன மொத்தத்தில் சேர்ந்திருக்கிறது. ஹிலாரி 2,63,120, ஒபாமா 1,21,458. அங்கிருப்பவர்கள் அமெரிக்கக் குடிமக்கள், பிரைமரியில் டெலிகேட் உண்டு, ஆனால் நவம்பர் அதிபர் தேர்தலில் அந்தத் தீவுக்கு வாக்கில்லை. ஐம்பது மாநிலங்களும் தலைநகரும் மட்டும் போதும் என்று ஒருவர் சொன்னால் ஹிலாரியின் கணக்கிலிருந்து 1,41,662 முன்னிலை உதிர்ந்துவிடும். கட்சியின் விதிப்படி அது முழுத் தகுதியுள்ள போட்டி, ஆகவே எடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. அமெரிக்காவின் பசிபிக் தீவான குவாமையும் சொல்லாமல் விட மனமில்லை: ஒபாமா 2,264, ஹிலாரி 2,257. ஏழே வாக்கு, டெலிகேட் சமபங்கு.

எண்ணிக்கையிலேயே வரும் பிழைகள் தனி. தேர்தல் இரவில் தொலைக்காட்சியில் ஓடும் எண்ணையும் சில வாரம் கழித்து மாநிலம் சான்றளிக்கும் எண்ணையும் கலந்துவிடக் கூடாது. நியூயார்க் நகரில் அன்றிரவு வந்த அதிகாரப்பூர்வமற்ற கணக்கில், கறுப்பினத்தவர் அதிகம் வாழும் ஹார்லெம் பகுதி உட்படப் பல இடங்களின் வாக்குச்சாவடிகளில் ஒபாமாவுக்குப் பூஜ்யம் என்று பதிவாகியிருந்தது. மறு சரிபார்ப்பில் திருத்தினார்கள். கலிஃபோர்னியாவில் தபால் வாக்கு எண்ணி முடிக்கவே வாரக்கணக்காகும். லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தில் கட்சி சாராத வாக்காளர்கள் எந்தக் கட்சிப் பிரைமரியில் வாக்களிக்கிறோம் என்று கூடுதலாக ஒரு வட்டத்தையும் நிரப்ப வேண்டியிருந்தது. நிரப்ப மறந்தவர்களின் சீட்டுகள் முதலில் எண்ணப்படாமல் கிடந்து, தகராறுக்குப் பிறகு பெரும்பகுதி எண்ணப்பட்டது. சதவீதத்தை முழு எண்ணாக்குவதும் ஏமாற்றும். பென்சில்வேனியாவில் ஹிலாரி 54.6, ஒபாமா 45.4, வித்தியாசம் 9.2. இரண்டையும் முதலில் முழு எண்ணாக்கி 55-45 என்று எழுதியவர்கள், இரட்டை இலக்க வெற்றி என்று தலைப்பும் போட்டார்கள். முதலில் கழித்துவிட்டுப் பிறகு முழு எண்ணாக்க வேண்டும்.

அப்படியானால் டெலிகேட்டில் ஒபாமா எப்படித் தெளிவாக முந்தினார்? நியூ ஜெர்சியில் ஹிலாரி 1,12,128 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். டெலிகேட் 59-48, அதாவது 11 லாபம். ஐடஹோ காகஸில் ஒபாமாவுக்கு 16,880, ஹிலாரிக்கு 3,655. டெலிகேட் 15-3, லாபம் 12. பதிமூன்றாயிரம் வாக்கு வித்தியாசம், ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்தை டெலிகேட்டில் தாண்டிவிட்டது. காகஸில் வருகை குறைவு, ஆனால் டெலிகேட் எண்ணிக்கை வருகையைப் பார்ப்பதில்லை. அதைவிட நுட்பமானது மாவட்ட அளவில் நடக்கும் பங்கீடு. 15 சதவீதம் தாண்டியவர்களுக்கு விகிதாசாரப்படி டெலிகேட். நாலு டெலிகேட் உள்ள மாவட்டத்தில் இருவர் மட்டும் மோதினால், 3-1 ஆக்க 62.5 சதவீதம் வேண்டும். 51 வாங்கினாலும் 62 வாங்கினாலும் 2-2 தான். ஆறு டெலிகேட் என்றால் 4-2 ஆக்க 58.3 போதும். மூன்று உள்ள இடத்தில் ஒரே ஒரு வாக்கு கூடினாலே 2-1. இரட்டைப்படை மாவட்டங்களில் சுமாராக ஜெயிப்பது வீண், ஒற்றைப்படை மாவட்டங்களில் நூலிழையில் ஜெயிப்பது லாபம். எங்கே ஆள் அனுப்புவது, எங்கே விளம்பரக் காசைக் கொட்டுவது என்று ஒபாமா தரப்பு இந்தக் கணக்கை வைத்தே திட்டமிட்டது. பெரிய பிரைமரி மாநிலங்களில் தோல்வியின் அளவைக் குறைத்து, சிறிய காகஸ் மாநிலங்களில் வெற்றியின் அளவைப் பெருக்கியது.

இதனால்தான், மொத்த வாக்குதான் விதி என்று இருந்திருந்தால் யார் வென்றிருப்பார் என்ற கேள்விக்கு இந்த எண்களை வைத்துப் பதில் சொல்லவே முடியாது. விதி வேறாக இருந்திருந்தால் பிரசாரமும் வேறாக இருந்திருக்கும். ஒபாமா தன் சொந்த இல்லினாயில் பெற்ற முன்னிலை சுமார் 6.5 லட்சம். ஹிலாரி தன் நியூயார்க்கில் பெற்றது சுமார் 3.17 லட்சம், கலிஃபோர்னியாவில் 4.2 லட்சம். மொத்த வாக்குக்காக ஓடியிருந்தால் சிகாகோவில் வருகையைக் கூட்ட ஒபாமாவும், லாஸ் ஏஞ்சலஸில் கூட்ட ஹிலாரியும் கோடிகளை இறக்கியிருப்பார்கள். ஐடஹோவை யாரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். காகஸ் நடத்திய மாநிலங்களும் பிரைமரி நடத்தியிருந்தால் வருகை பல மடங்காகியிருக்கும், ஆனால் ஒபாமாவின் சதவீதம் இறங்கியிருக்கும். வாஷிங்டனில் நடந்தது அதுதான். இந்த இரண்டு விளைவில் எது பெரியது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஹிலாரியை ஏமாற்றிவிட்டார்கள் என்ற சந்தேகத்துக்கு என் பதில் இதிலேயே அடங்கும். போட்டி டெலிகேட்டுக்கானது, அது இரு தரப்புக்கும் முதல் நாளே தெரியும். பிரைமரி, காகஸ் வழியாகத் தேர்வான டெலிகேட்டுகளில் ஒபாமா நூறுக்கு மேல் முன்னிலை பெற்றார். தேவையான 2,118-ஐ ஜூன் 3 அன்று சூப்பர் டெலிகேட்டுகளின் ஆதரவோடு தாண்டினார். ஜூன் 7 அன்று ஹிலாரி விலகிப் பேசியபோது சொன்ன 1.8 கோடி வாக்கு என்பதும் தவறில்லை: மிச்சிகனோடு 1,78,22,145. மிச்சிகனின் 'கட்டுப்படாத' வாக்கைச் சேர்த்தால் ஒபாமாவும் கிட்டத்தட்ட அதே 1.8 கோடிதான்.

நான் ஒரே வரியில் எழுத வேண்டியிருந்தால், 3.6 கோடி வாக்குப் பதிவான போட்டியில் மொத்த வாக்கு ஏறத்தாழ சமம், டெலிகேட்டில் ஒபாமா முன்னிலை என்று எழுதுவேன். ஃபுளோரிடாவைச் சேர்ப்பேன், மிச்சிகனைக் கருத்துக்கணிப்பு விகிதத்தில் சேர்ப்பேன், நான்கு காகஸுக்கும் மதிப்பீட்டைச் சேர்ப்பேன். அப்போது ஒபாமா சுமார் 86,000 முன்னிலை. வாஷிங்டனுக்குக் காகஸை விட்டுப் பிரைமரியை எடுத்தால் அது 36,000 அளவுக்கு இறங்கும். இரண்டுமே கால் சதவீதத்துக்குக் கீழே. மதிப்பீட்டில் இருக்கும் பிழை அதைவிடப் பெரியது என்பதால் இந்த முன்னிலையை வைத்து யாரோடும் சண்டைக்குப் போக மாட்டேன்.

எல்லா ஆண்டுகளிலும் இந்தத் தலைவலி கிடையாது. 2016-ல் ஹிலாரிக்கும் சாண்டர்ஸுக்கும் இடையே வித்தியாசம் சுமார் 37 லட்சம்; காகஸை எப்படி மதிப்பிட்டாலும் முடிவு மாறாது. ஆனால் அந்த ஆண்டும் வாஷிங்டன் தன் குணத்தைக் காட்டியது: காகஸில் சாண்டர்ஸ் 70 சதவீதத்துக்கு மேல், இரண்டு மாதம் கழித்து சுமார் 8 லட்சம் பேர் வாக்களித்த, டெலிகேட் இல்லாத பிரைமரியில் ஹிலாரி 52-48 என்று வெற்றி. பழைய உதாரணம் வேண்டுமென்றால் இதே கட்சியின் 1972 போட்டி. பிரைமரி வாக்கில் ஹம்ஃப்ரி 25.8 சதவீதம், மெக்கவர்ன் 25.3, வாலஸ் 23.5. வேட்பாளர் ஆனவர் மெக்கவர்ன். டெலிகேட் தேர்வு விதிகளைச் சீர்திருத்திய குழுவுக்கே அவர் தலைவராக இருந்தவர், எங்கே டெலிகேட் கிடைக்கும் என்று மற்றவர்களைவிட நன்றாக அறிந்திருந்தார்.

2008-க்குப் பிறகு சில ஓட்டைகளை அடைத்திருக்கிறார்கள். டெக்சாஸின் இரட்டை முறை ஒழிந்தது. 2020-ல் வாஷிங்டன், மெய்ன், ஐடஹோ, நெப்ராஸ்கா எல்லாம் டெலிகேட்டுக்கே பிரைமரிக்கு மாறின. அயோவா முதல் முறையாகத் தலைக்கணக்கை வெளியிட்டது. வெளியிட்ட உடனேயே, முதல் சுற்றிலும் கடைசிச் சுற்றிலும் அதிக ஆட்கள் சாண்டர்ஸுக்கு, ஆனால் அதிக டெலிகேட் இன்னொரு போட்டியாளரான புட்டிஜெஜுக்கு என்று தெரியவந்தது. 2018-ல் வந்த மாற்றத்தின்படி, முடிவை மாற்றக்கூடிய நிலையில் சூப்பர் டெலிகேட்டுகள் மாநாட்டின் முதல் சுற்றில் வாக்களிக்க முடியாது. தேதித் தகராறு மட்டும் தீரவில்லை. 2024 ஜனவரியில் நியூ ஹாம்ப்ஷயர் கட்சியின் அட்டவணையை மீறிப் பிரைமரி நடத்தியது. பைடனின் பெயர் சீட்டில் இல்லை. இந்த முறை கையால் எழுதிய பெயர்களை எண்ணினார்கள், அதிலேயே அவர் வென்றார். அடுத்த மாதம் மிச்சிகனில் அவர் பெயர் சீட்டில் இருந்தும், காஸா போர் பற்றிய கோபத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் மறுபடி அந்த 'யாருக்கும் கட்டுப்படாத' கட்டத்தையே நிரப்பினார்கள். மொத்தத்தில் 13 சதவீதம்.